பார்பிக்குப் பண்டிகை உடை பின்னும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கும் நாட்களிலிருந்து நத்தார் வரையில், கொழும்பில் குறோசே எனும் கொக்கிப் பின்னலின் ஊசியைக் கையில் எடுப்போரிற் சிலர் வீட்டுப் பிள்ளையின் பார்பி பொம்மைக்குப் பட்டுப்பாவாடையோ சிவப்பு நத்தார் அங்கியோ பின்னத் தொடங்குகிறார்கள். கை தேர்ந்தவர்கள் பின்னியும் உடை சரிவராமற் போவதுண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் பின்னல் தெரியாமை அன்று, பொம்மையின் அளவுவிகிதம் மனதில் நில்லாமையே. 1959இல் மேட்டல் நிறுவனம் அறிமுகப்படுத்திய பார்பி ஏறத்தாழ 29 சென்ரிமீற்றர் உயரமுடையது. மனித உருவின் ஆறில் ஒரு பங்கு என்ற கணக்கில் அமைந்தது. ஆகவே பொம்மையின் மேல் 5 மில்லிமீற்றர் அகலமாகத் தெரியும் எதுவும், நம் உடலில் 3 சென்ரிமீற்றர் அகலமான ஒன்றுக்குச் சமம். நூல், பொத்தான், மணி, கரை என்று எதைத் தெரிவு செய்தாலும் முதலில் அதை ஆறால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கைச் செய்யாததால் நேரும் முதல் தவறு தடித்த நூல். குழந்தைகளின் தொப்பிக்கும் காலுறைக்கும் வாங்கி மிஞ்சிய கம்பளி நூலை, 4 மில்லிமீற்றர் ஊசியுடன் சேர்த்துப் பொம்மைக்கும் பயன்படுத்திவிடுகிறார்கள். அந்த நூலில் ஒரு கண்ணி, அதாவது பின்னலின் ஒரு முடிச்சு, அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். பொம்மையின் இடையோ பல வகைகளில் 8 அல்லது 9 சென்ரிமீற்றர் சுற்றளவுதான். அங்கே ஒரு கண்ணி கூடினால் உடை தொங்கும், ஒன்று குறைந்தால் பூட்டாது. இடைப்பட்ட அளவு ஒன்று அந்த நூலில் கிடைக்கவே கிடைக்காது. தோற்றத்திலும் அது பொம்மைக்குத் தும்புக்கயிறு சுற்றியதுபோல் இருக்கும். பத்தாம் இலக்கப் பருத்திக் குறோசே நூலும் 1.5 மில்லிமீற்றர் அளவிலான உருக்கு ஊசியும் நல்ல தொடக்கம். இந்த நூல்களில் இலக்கம் கூடக் கூட நூல் மெலியும் என்பதால், இருபதாம் இலக்கம் இதைவிட மெல்லியது. இவை கிடைக்காவிட்டால், பூத்தையலுக்கு வாங்கும் ஆறு இழை நூலைப் பிரித்து மூன்று இழைகளாகப் பின்னலாம். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் நூல் வாங்கப் போகிறவர்கள் ஊசியையும் உடன் கொண்டுபோய், அதன் கொக்கியில் நூல் பிரியாமல் அமர்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

அடுத்தது, எல்லாப் பார்பிக்கும் ஒரே அளவு என்று நம்புவது. 2016 முதல் உயரமான, சிறிய, பருத்த உடல்வாகுகளிலும் பார்பிகள் வருகின்றன. பழைய மெலிந்த உடலுக்கு எழுதப்பட்ட அளவுகள் பருத்த உடலுக்குப் பொருந்தமாட்டா. மூட்டுகள் மடங்கும் வகைகளில் முழங்கைக்கும் தோளுக்கும் கூடுதல் இடம் தேவை. போதாக்குறைக்கு, கடைகளில் பார்பி என்ற பெயரில் விற்கப்படும் வேறு பொம்மைகளின் அளவுகள் கண்டபடி வேறுபடும். இணையத்தில் காணும் கண்ணிக் கணக்கை அப்படியே பின்பற்றாமல், கடதாசிக் கீலம் ஒன்றை மார்பு, இடை, இடுப்பு ஆகிய மூன்று இடங்களிலும் சுற்றிக் குறித்து, பத்துக் கண்ணி அகலமுள்ள மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி அளந்து, அதன் பிறகே உடையின் முதல் வரிசையான சங்கிலியைத் தொடங்குங்கள். மாதிரித் துண்டைப் பின்னச் சோம்பும் பழக்கம் பெரிய உடைகளில் சில வேளை தப்பிவிடும், இங்கே தப்பாது.

பின்னற் குறிப்புகளைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. பிரித்தானிய முறையில் டபிள் குறோசே எனப்படும் கண்ணியை அமெரிக்க முறையில் சிங்கிள் குறோசே என்பார்கள்; பிரித்தானிய ட்ரெபிள் அமெரிக்கர்களுக்கு டபிள். நம் வீடுகளில் மூத்தவர்களிடம் கற்றவர்கள் பலர் பிரித்தானியப் பெயர்களில் பழகியிருக்க, காணொளிகளிற் பெரும்பாலானவை அமெரிக்கப் பெயர்களில் இருக்கின்றன. எது என்று பாராமல் தொடங்கினால், குறிப்பு கேட்பதைவிடக் குட்டையான கண்ணிகள் விழுந்து, தளர்வாக இருக்க வேண்டிய மேற்சட்டை இறுகியதாகவும், பாவாடை எதிர்பார்த்ததிலும் குட்டையாகவும் முடியும். குறிப்பில் எங்காவது சிங்கிள் குறோசே என்ற பெயர் வந்தால் அது அமெரிக்க முறை என்று கொள்ளலாம், ஏனெனில் பிரித்தானிய முறையில் அப்பெயர் பொதுவாக வழங்குவதில்லை.

உடையை வட்டமாக, திறப்பே இல்லாமல் பின்னிவிடுவது தொடக்ககாலத்தவர்களின் தவறு. பொம்மையின் தலை கழுத்தைவிட மிகப் பெரியது, இடுப்பு இடையைவிட அகன்றது. எனவே இடைக்கு அளவாகப் பின்னிய உடை மேலிருந்தும் இறங்காது, கீழிருந்தும் ஏறாது. பின்புறத்தில் கழுத்திலிருந்து இடுப்பின் அகன்ற பகுதி வரை திறப்பு வேண்டும். அந்தத் திறப்பின் இரு ஓரங்களும் ஒன்றன் மேல் ஒன்று படிவதற்கு மூன்று நான்கு கண்ணிகளைக் கூடுதலாகச் சேர்க்காதவர்களின் உடையில்தான் முதுகு எப்போதும் பிளந்து நிற்கிறது. பூட்டுவதற்கு வெல்குரோ வேண்டாம். அதன் கொக்கிகள் பின்னலின் இழைகளையும் பொம்மையின் கூந்தலையும் பிடித்து இழுக்கும். கிடைப்பதிற் சிறிய பிளாஸ்டிக் பிரஸ் பட்டன் மேலானது. பொம்மையின் கைகளை நுழைக்கும்போது விரல்கள் கண்ணிகளில் சிக்கும் என்பதால், அதன் கையைப் பொலித்தீன் துண்டால் சுற்றிக்கொண்டு சட்டைக்கையை ஏற்றும்படி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இனி நிறம். பண்டிகை உடை என்றாலே சிவப்பு, அடர்பச்சை, குங்கும நிறம், மயில்நீலம். இவைதாம் பொம்மையை நிரந்தரமாகக் கெடுக்க வல்லவை. பொம்மையின் மென்மையான பிளாஸ்டிக் பகுதி சாயத்தை மேற்பரப்பில் மட்டும் வாங்கிக்கொள்வதில்லை. காலப்போக்கில் சாயம் உள்ளே ஊடுருவுவதால் சோப்பு போட்டுத் தேய்த்தாலும் கறை போகாது. சூடும் ஈரமும் இதை விரைவுபடுத்தும், கொழும்பின் காற்றில் இரண்டுக்கும் குறைவில்லை. நூலை வாங்கியதும் ஒரு முழத் துண்டை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தி, சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். துணியில் சாயம் இறங்கினால், நீர் தெளியும்வரை நூல் முழுவதையும் அலசிக் காயவைத்த பிறகே பின்ன வேண்டும். உப்பும் வினாகிரியும் இட்டால் சாயம் நிற்கும் என்று வீடுகளில் சொல்லப்படுவதை நம்பிச் சாயம் இறங்கும் பருத்தி நூலைப் பயன்படுத்தாதீர்கள். கடையில் வாங்கும் சாயமேற்றிய பருத்திக்கு அது உதவுவதில்லை. சிவப்பும் வெள்ளையும் சேரும் நத்தார் உடையில், கழுவாத சிவப்பு நூல் முதல் நனைப்பிலேயே வெள்ளைக் கரையை இளஞ்சிவப்பாக்கிவிடும். எவ்வளவு அலசியும் ஐயம் நீங்காத நூலென்றால், உடைக்குள் மெல்லிய வெள்ளைத் துணியால் உட்பாவாடையும் உட்சட்டையும் தைத்துவிடுவது பாதுகாப்பு. உலோகத்திலும் இதே கவனம் தேவை. ஆரம்பகாலப் பார்பிகளின் காதணிகளால் காதோரம் பச்சையாக மாறியதைப் பழைய பொம்மை சேகரிப்பவர்கள் நன்கறிவார்கள். செம்பு கலந்த கொக்கிகளும் பதக்கங்களும் பொம்மையின் மேல் நாட்கணக்கில் கிடக்கக்கூடாது.

தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் சேலை பின்ன விரும்புவோர் அதிகம், ஏமாற்றமும் அங்கேதான் அதிகம். ஐந்தரை மீற்றர்ச் சேலையை ஆறால் வகுத்தால் ஏறத்தாழ 92 சென்ரிமீற்றர் வரும். நீளத்தையும் அகலத்தையும் இப்படிச் சுருக்கலாம், துணியின் தடிப்பைச் சுருக்க முடியாது. நெருக்கமாகப் பின்னிய 92 சென்ரிமீற்றரைக் கொய்யகம் வைத்துச் செருகினால் பொம்மையின் வயிறு பெருத்துத் தெரியும். என் கருத்தில், இடைக்குள் மறையும் பகுதியைப் பின்னவே கூடாது. மெல்லிய துணியில் பாவாடை தைத்து, முன்கொய்யகத்தை மூன்று மடிப்புகளாக அதன் மேல் தைத்து நிறுத்தி, தோளில் விழும் முந்தானையை மட்டும் வலைப்பின்னலாகப் பின்னி இணைத்தால் சேலை அழகாக விழும்; பிள்ளையும் அதைத் தானே உடுத்திக் கழற்றலாம். சரிகைக் கரைக்குக் கடையில் கிடைக்கும் அகன்ற நாடாவை ஒட்டிவிடாதீர்கள். உண்மைச் சேலையில் ஆறு ஏழு சென்ரிமீற்றர் அகலமான கரை பொம்மைக்கு ஒரு சென்ரிமீற்றரே. சரிகை நூல் சொரசொரப்பானது, ஊசியில் பிரியும். அதனை அதே நிறப் பருத்தி இழை ஒன்றுடன் சேர்த்துப் பிடித்து ஓரத்தில் இரண்டு வரிசை பின்னினால் போதும்.

நத்தார் அங்கியின் வெள்ளைப் பஞ்சுக் கரைக்காக நீண்ட மயிருள்ள அலங்கார நூல் வாங்குவதையும் தவிர்க்கலாம், அது பொம்மையின் முழங்காலையே மறைத்துவிடும். மெல்லிய வெள்ளை அக்ரிலிக் நூலில் ஒரு வரிசை பின்னி, பழைய பல்துலக்கியால் மெதுவாகச் சீவினால் அளவான பஞ்சுத்தன்மை வரும். அக்ரிலிக்கின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பின்னல் உருகித் தட்டையாகும், மீளாது. மணிகள் 2 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் இருக்கட்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் மணியே வேண்டாம், நூல் முடிச்சுகளால் அலங்கரியுங்கள்.

பாவாடை விரிந்து நிற்பதற்காகச் சோற்றுக் கஞ்சியிலும் சீனிப்பாகிலும் தோய்ப்பது மேசை விரிப்புகளிலிருந்து வந்த பழக்கம். பொம்மை உடையில் சீனி எறும்பை அழைக்கும், கஞ்சி நம் ஊரின் ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். விரிவு வேண்டுமானால் கண்ணிகளை வரிசைதோறும் சீராகக் கூட்டிப் பின்னலிலேயே கொண்டுவர வேண்டும். முடித்த உடையை நனைத்து, துணி விரித்த அட்டையில் துருப்பிடிக்காத குண்டூசிகளால் வடிவம் குத்தி, மின்விசிறியின் கீழ் முழுமையாக உலரவிடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாத மழை நாட்களில் இதற்கு இரண்டு நாட்களும் பிடிக்கலாம் என்பதால், தீபாவளிக்கு முந்தைய இரவில் கடைசி வரிசையைப் பின்னத் திட்டமிடாதீர்கள். பண்டிகை முடிந்ததும் உடையைப் பொம்மையிலிருந்து கழற்றி, பொலித்தீனில் அடைக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றித் தனியே வைக்க வேண்டும்.