'ரன்' என்னும் சொல்லுக்கு வாக்கியத்தில் பொருள் காண்பது எப்படி?

ஆங்கிலம் கற்கத் தொடங்கியவர் 'ரன்' என்றால் 'ஓடு' என்று முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார். பிறகு 'ஹெர் நோஸ் இஸ் ரன்னிங்' என்று படித்ததும், மூக்கு எப்படி ஓடும் என்று திகைத்து நிற்கிறார். 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற சொல்லின் பதிவே மிக நீளமானதாக இருந்தது. அடுத்த பதிப்புக்கான திருத்தப் பணியில், 2011இல் 645 பொருள்களோடு 'ரன்' முதலிடத்துக்கு வந்தது. அத்தனையையும் நெட்டுருப் போட வேண்டியதில்லை. அச்சொல்லின் அக்கம்பக்கத்தைப் பார்க்கப் பழகினால் போதும்.

முதல் படி: எழுவாயைப் பாருங்கள். ஆள் என்றால் ஓடுகிறார், மூக்கு என்றால் ஒழுகுகிறது, துணியின் நிறம் என்றால் சாயம் போகிறது, சாலை என்றால் நீண்டு செல்கிறது. தமிழிலும் கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, மனத்தில் ஏதோ ஓடுகிறது. அங்கெல்லாம் நாம் கால்களைத் தேடுவதில்லை.

இரண்டாம் படி: செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஷி ரன்ஸ்' என்று நின்றுவிட்டால் அவள் ஓடுகிறாள். 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்று தொடர்ந்தால் பள்ளி நடத்துகிறாள். கணினி நிரலானால் இயக்குதல்.

மூன்றாம் படி: பின்னால் ஒட்டிவரும் சிறு சொல்லைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நானும் ஒருமுறை 'வீ ரான் அவுட் ஆஃப் பேப்பர்' என்பதைக் 'காகிதத்திலிருந்து வெளியே ஓடினோம்' என்று எழுதிவைத்தேன். காகிதம் தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். 'ரன் இன்டு' இன்னும் குறும்பானது: 'ஐ ரான் இன்டு எ ஃப்ரெண்ட்' என்றால் நண்பரைத் தற்செயலாகச் சந்தித்தேன், 'தி கார் ரான் இன்டு எ வால்' என்றால் கார் சுவரில் மோதியது. அடுத்து வரும் பெயர்ச்சொல்லையும் படித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: முன்னால் 'எ' அல்லது 'தி' வந்தால் அது பெரும்பாலும் பெயர்ச்சொல், கிரிக்கெட்டில் ஓட்டம், 'இன் தி லாங் ரன்' என்றால் நாளடைவில்.

இப்போது 'தி மீட்டிங் ரான் லேட்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுவாய் கூட்டம், செயப்படுபொருள் இல்லை, பின்னால் வருவது தாமதத்தைக் குறிக்கும் சொல். ஆகவே குறித்த நேரத்தைத் தாண்டிக் கூட்டம் நீண்டது. குறிப்பேட்டில் சொல்லை மட்டும் எழுதாமல், இப்படி முழு வாக்கியமாகவே எழுதிவையுங்கள்.

தேர்தல் செய்திகளைப் படிக்கும்போது மட்டும் நாட்டையும் கவனியுங்கள்: அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் 'ரன்' என்று ஓடுகிறார், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஸ்டேண்ட்' என்று நிற்கிறார், தமிழிலும் அவர் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார்.