கனடாவில் இருந்துகொண்டு அமெரிக்கக் கம்பெனிக்கு வேலையா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

படிப்பு முடிந்து, படித்தவர்களுக்குக் கனடா தரும் வேலை அனுமதியான பிஜிடபிள்யூபி கைக்கு வந்ததும் டொரன்டோவில் நம் பிள்ளைகள் பலர் தேடுவது அமெரிக்கக் கம்பெனியின் ரிமோட் வேலையைத்தான். சம்பளம் அமெரிக்க டாலரில், வீடு ஸ்கார்பரோவில், பனியில் பஸ்ஸுக்கு நிற்கவும் வேண்டாம். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. பிஜிடபிள்யூபி எந்த முதலாளியிடமும் வேலை செய்யவிடும் ஓப்பன் வொர்க் பெர்மிட் என்பதால் சட்டத்திலும் தடையில்லை.

வேலைக்கும் வரிக்கும் வேண்டிய சின் நம்பர், பேங்க் கணக்கெல்லாம் படிக்கும்போதே எடுத்திருப்பீர்கள், அதை விடுகிறேன். வரி விஷயமும் சுருக்கம்தான். குடியிருப்பதும் உட்கார்ந்து வேலை செய்வதும் கனடாவில் என்பதால் வரி கனடாவின் வரித்துறையான சிஆர்ஏவுக்கு. கம்பெனி டபிள்யூ-8பென் படிவம் கேட்கும். நிரப்பிக் கொடுங்கள், அமெரிக்காவில் வரி பிடிக்காமல் இருப்பதற்குத்தான் அது.

பொறி வேறு இடத்தில் இருக்கிறது. என் நண்பன் ஒருவன், கோயம்புத்தூர்ப் பையன், அதில் மாட்டினான். தினமும் காலை ஒன்பதுக்கு டீம் மீட்டிங், கம்பெனி கொடுத்த லேப்டாப், லீவு வேண்டுமென்றால் மேனேஜரிடம் கேட்க வேண்டும். யார் பார்த்தாலும் வேலைதான். ஆனால் கையெழுத்துப் போட்ட தாளின் தலைப்பு ‘இன்டிபென்டன்ட் கான்ட்ராக்டர் அக்ரிமென்ட்’. மாதக் கடைசியில் இவன் இன்வாய்ஸ் அனுப்புவான், அவர்கள் பணம் போடுவார்கள். கனடாவில் பேரோல், அதாவது ஊழியர் சம்பளப் பட்டியல், வைத்திருக்காத கம்பெனிக்கு இதுதான் சுலபமான வழி. அவர்களுக்குச் சுலபம்.

கனடாவில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து விண்ணப்பிக்கும் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸில் பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, கேட்க, கடந்த மூன்று வருடத்துக்குள் ஒரு வருட ஸ்கில்டு வேலை, அதாவது 1,560 மணி நேரம், காட்ட வேண்டும். அதில் சுயதொழில் சேராது. கான்ட்ராக்டர் என்றால் சுயதொழில். வேலை உண்மையில் எப்படி நடந்தது, யார் சொல்படி நடந்தது என்றும் அதிகாரி பார்ப்பார்தான். ஆனால் நான் ஊழியன்தான் என்று நிரூபிக்கும் பாரம் முழுக்க நம் தலையில். முதலாளி தரும் வருடச் சம்பளச் சான்றான டி4 கிடையாது, பே ஸ்லிப் கிடையாது, இருப்பது இன்வாய்ஸ் மட்டும். நிராகரிப்புக் கடிதம் வந்த அன்று நண்பன் போனில் கேட்டான்: “அண்ணா, அவங்க சொன்ன வேலையைத்தானே தினமும் செஞ்சேன்? அப்புறம் எப்படி அது வேலை இல்லாமப் போகும்?” எனக்குப் பதில் வரவில்லை, கோபம்தான் வந்தது. பிஜிடபிள்யூபி வாழ்நாளில் ஒரே முறைதான் கிடைக்கும். அதில் போன மாதங்கள் போனவைதான். வேலைக்கு எடுக்கும்போது அந்தக் கம்பெனியில் ஒருவர்கூட இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பணத்திலும் அடி உண்டு. ஊரில் கன்சல்டன்டாக இருந்தாலும் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் மீதி வரும். இங்கே கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கைக்கு வந்துவிடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். வருமான வரி போக, கனடாவின் ஓய்வூதியத் திட்டமான சிபிபியில் முதலாளி பங்கும் நம்முடையதே, இரண்டும் சேர்த்து 11.9 சதவீதம். சுயதொழிலுக்கு ரிட்டர்ன் கெடு ஜூன் 15 என்பார்கள். அதை நம்பி உட்காராதீர்கள், பணம் கட்டும் கெடு எல்லோரையும் போல ஏப்ரல் 30தான், மறுநாளிலிருந்து வட்டி. நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டாலரைத் தாண்டினால் விற்பனை வரியான ஹெச்எஸ்டிக்குப் பதிவும் செய்ய வேண்டும். வேலை போனால் வேலையிழப்புக் காப்பீடான ஈஐ கிடையாது. குழந்தை பிறக்கப்போகிறது என்றால் மகப்பேறுப் பணமும் கிடையாது; முன்கூட்டியே பதிவு செய்து 12 மாதம் காத்திருந்து அதை வாங்கும் வழி, சுயதொழில் செய்பவர்களில் குடிமக்களுக்கும் பிஆர் உள்ளவர்களுக்கும்தான்.

ஒன்டாரியோவில் அரசு மருத்துவக் காப்பீடான ஓஹிப் கார்டும் இதில் சிக்கும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர், ஒன்டாரியோவில் உள்ள முதலாளியிடம் குறைந்தது ஆறு மாதம் முழுநேர வேலையில் இருப்பதாகக் காட்டினால்தான் கார்டு. கலிஃபோர்னியா முகவரி போட்ட கடிதத்தை கவுன்டரில் நீட்டினால் திருப்பித்தான் அனுப்புவார்கள். அதுவரை தனியாக இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஆஃபர் வந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: “எனக்கு டி4 தருவீர்களா?” கம்பெனிக்குக் கனடாவில் கிளை இருந்தால் ஆம் என்பார்கள். இல்லையென்றால், கனடாவில் பேரோல் நடத்தும் மூன்றாவது நிறுவனம் மூலம் எடுக்கச் சொல்லுங்கள். பல கம்பெனிகள் அப்படி எடுக்கின்றன, அதற்குச் செலவாகும் என்பதால் அவர்களாக வாய் திறப்பதில்லை. சம்பளத்தைக் கொஞ்சம் குறைக்கிறோம் என்றாலும் ஒப்புக்கொள்ளுங்கள். பிஆர் கைக்கு வந்த பிறகு கான்ட்ராக்டராகப் போவதென்றால் தாராளமாகப் போங்கள், அப்போது அது வெறும் வரிக் கணக்கு.

ஏற்கெனவே கான்ட்ராக்டராக இருப்பவர்கள் பெர்மிட் முடியும் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் இந்த மாதமே பேரோலுக்கு மாற்றச் சொல்லுங்கள், மறுத்தால் உள்ளூரில் வேறு வேலை தேடுங்கள். நண்பன் இப்போது மிசிசாகாவில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். சம்பளம் பழையதைவிடக் குறைவு, மணிக்கணக்கு முதலிலிருந்து ஓடுகிறது, பெர்மிட் தேதிக்கு முன் 1,560ஐத் தொட்டுவிடுவான்.