கர்ப்பிணிக்குப் பிரஷர் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் மேட்டில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். டாக்சியிலிருந்து இறங்கி வெயிலில் மேடேறி வரும் பெண்ணுக்கு, வந்ததும் வராததுமாகப் பிரஷர் பார்த்துவிடுகிறோம். முதல் தவறு அதுதான். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு 148/94 காட்டியது. கூட வந்த ஆயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தால், சட்டைக் கையைச் சுருட்டியதில் புஜம் இறுகியிருந்தது, கால்மேல் கால், கை மடியில், வாய் ஓயாத பேச்சு. சட்டையைத் தளர்த்தி, முதுகு சாய உட்காரவைத்து, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். மறுபடி பார்த்தால் 124/78.

பருத்த கைக்குச் சின்ன கஃப் (பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) சுற்றினாலும் பிரஷர் ஏறித்தான் காட்டும். பெரிய கஃப் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அதற்காக, நல்ல எண் வரும்வரை எடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. இது இன்னும் ஆபத்தான தவறு. ஓய்வுக்குப் பிறகும் 140/90 தாண்டினால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். 160/110 என்றால் உடனே ஆஸ்பத்திரி. 20 வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவின் கீழே வலி வந்தால் எண்ணுக்காகவும் காத்திருக்காதீர்கள்.

வளைகாப்பு முடியட்டும், அப்புறம் கிளினிக் போகலாம் என்கிறவர்கள் இங்கே இன்னும் உண்டு. கர்ப்பத்தின் நடுவில் பிரஷர் தானாகவே கொஞ்சம் இறங்கும். முதல் மூன்று மாதத்தில் பார்த்து வைத்தால்தான், பின்னால் ஏறுவது புதிதா பழையதா என்று புரியும். 1994 முதல் அரசு கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை இலவசம். பிறகு என்ன தயக்கம்?

எக்கோ என்கிற இதய ஸ்கேனோ, வயிற்று ஸ்கேனோ எடுக்கும்போது நிறைமாதப் பெண்ணை மல்லாக்கப் படுக்கவைத்தால், கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், வேர்த்து மயக்கம் வரும். இதயம் வெளியேற்றும் ரத்தமும் குறைவாகத்தான் தெரியும். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். தலை சுற்றினால் அந்த நொடியே சொல்லுங்கள்.

குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வீட்டில் வைத்திருக்கும் டாப்ளர் கருவியில் 'டக் டக்' கேட்டதும் குழந்தை நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். அது தாயின் நாடியாகவே இருக்கலாம். அசைவு குறைந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

கடைசியாக, மூச்சுவாங்கல். கர்ப்பத்தில் இதயம் 30 முதல் 50 சதவீதம் வரை கூடுதலாக ரத்தம் இறைக்கிறது, அதனால் படியேறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு மூன்று தலையணை அடுக்கினால்தான் தூக்கம், ராத்திரி மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறாள் என்றால், பிள்ளை பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தாலும் சரி, 'வாயும் வயிறுமா இருந்தா இப்படித்தான்' என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கூட்டிவாருங்கள்.