வாடகைக்கு விடுவதற்காகச் சொத்து வாங்குவோர் கவனத்திற்கு

தமிழ்நாட்டில் வாடகை வருமானத்திற்காக வீடோ கடையோ வாங்க நினைப்பவர், செலவுகள் போக ஆண்டுக்குக் கையில் நிற்கும் தொகையை முதலில் கணக்கிட வேண்டும். 60 லட்சம் ரூபாய்க்கு, மறுவிற்பனைக்கு வந்த ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கி, மாதம் 16,000 ரூபாய்க்கு விடுவதாகக் கொள்வோம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம் என்பதால் முதலீடு 65.4 லட்சமாகிறது, ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்து, சொத்து வரிக்கும் பராமரிப்புக்கும் 36,000 ரூபாய் செலவானால், மிஞ்சும் 1.4 லட்சம் அந்த முதலீட்டில் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டும். வீட்டுக்கடன் வட்டிக்கு இது போதாது. ஆதாயம் பெரும்பாலும் நில மதிப்பின் உயர்விலிருந்தே வரவேண்டும் என்பதால், பிரிக்கப்படாத நிலப் பங்கு (கட்டடம் நிற்கும் பொது நிலத்தில் உங்கள் வீட்டுக்குரிய பங்கு) எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் அவசியம் பாருங்கள்; பளபளக்கும் தரையை விட அதுவே முக்கியம்.

கடைகள் பொதுவாகக் கூடுதல் வாடகை தரும், ஆனால் காலியானால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கலாம்.

தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் மூலப் பத்திரம்), 30 ஆண்டு வில்லங்கச் சான்று (அந்தக் காலத்தில் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டுவது), பட்டா ஆகியவற்றை வழக்கறிஞர் பார்க்கும் முன் முன்பணம் கொடுக்காதீர்கள். குடிவைக்கும்போது, 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் செய்து, அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள்.