சர்க்கரைக்காரர் வீட்டு மோர்: உறை முதல் டம்ளர் வரை

அரை லிட்டர் பால் பொங்கியபின் ஐந்து நிமிடம் சிறுதீயில் விடுங்கள். 40 டிகிரிக்கு, அதாவது விரல் பொறுக்கும் சூட்டுக்கு, ஆறியதும் ஒரு டீஸ்பூன் உறை ஊற்றிக் கலக்குங்கள். சித்திரையில் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும், மார்கழியில் பத்தும் ஆகும். பால் சுட்டால் உறையிலுள்ள பாக்டீரியா செத்துவிடும், விடிந்தும் பால் பாலாகவே இருக்கும். சில்லிட்ட பாலில் ஊற்றினால் வேறு கிருமிகள் முந்திக்கொண்டு, கரண்டியில் எடுக்கும்போது தயிர் நூல்நூலாக இழுக்கும். அதிலிருந்து மறுநாளைக்கு உறை எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள்.

புளித்துவிட்டால் சர்க்கரையே இருக்காது என்பது தப்பு. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையில் ஒரு பங்குதான் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. 100 மில்லி பாலில் 5 கிராம் அளவுக்கு இருப்பது, தயிரில் மூன்றரை, நாலாகக் குறையும், அவ்வளவுதான். சர்க்கரைக்காரருக்கு மோர் ஒத்துப்போவது தண்ணீரால். 100 கிராம் தயிருக்கு 300 மில்லி தண்ணீர் விட்டுக் கடைந்தால் இரண்டு டம்ளர் வரும், டம்ளருக்கு 2 கிராம் சர்க்கரை. நாலு டீஸ்பூன் சீனி போட்ட லஸ்ஸியில் சீனி மட்டுமே 16 கிராம்.

கடையும்போது ஐஸ் தண்ணீர் கொஞ்சம் விடுங்கள், வெண்ணெய் சட்டென்று திரளும். மிக்ஸியில் ரொம்ப நேரம் ஓட்டினால் சூடேறி வெண்ணெய் இளகி மோரோடு கலந்துவிடும். உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். அரை டீஸ்பூன் போட்டாலே இரண்டரை கிராம், அது ஒரு நாளைக்கான 5 கிராம் வரம்பில் பாதி. பிரஷரும் சேர்ந்து உள்ளவர்கள் இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயத்தால் ருசி கூட்டிக்கொள்ளலாம்.

தயிர் டைப் 2 நீரிழிவு வரும் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று லேபிளில் போட அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 மார்ச்சில் அனுமதித்தது. வாரம் குறைந்தது இரண்டு கப் என்பது கணக்கு, 'சான்று குறைவே' என்ற வாசகமும் கூடவே வர வேண்டும். அதுவும் நோய் வராதவர்களுக்குச் சொன்னது. மோரை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். மோர்சாதம் சாப்பிட்டுச் சர்க்கரை ஏறினால் காரணம் சாதம், குழையப் பிசைந்தால் இன்னும் வேகமாக ஏறும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை போடுபவர்கள் அதை மோரோடு விழுங்கக் கூடாது. கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையும், மோரில் உள்ளது அதை ஈடுகட்டப் போதாது. வருஷம் ஒருமுறை பி12 அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

கை நடுங்கி வியர்த்து, சர்க்கரை 70-க்குக் கீழே போயிருந்தால் அப்போது மோர் கொடுக்காதீர்கள், அதிலுள்ள 2 கிராம் எதற்கும் காணாது. 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள்.