க்ளா மெஷினில் பணம் போடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலில் உள்ள கேம் சோனுக்குப் பிள்ளைகளோடு போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பொம்மையைக் கொக்கியால் தூக்கி எடுக்கும் க்ளா மெஷினைத் தாண்டி வருவது கஷ்டம். அதைப் பற்றிப் பெற்றோர் பேசிக்கொள்வது இரண்டு விதம்: எல்லாம் கைத்திறமை என்பார்கள், இல்லையென்றால் எல்லாம் ஏமாற்று வேலை என்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுமே முழு உண்மை இல்லை என்பது புரியும்.

பலரும் செய்கிற பெரிய தவறு, கொக்கி எப்போதும் ஒரே பலத்தில்தான் பிடிக்கும் என்று நம்புவது. கொக்கியின் விரல்களை மூட வைப்பது ஒரு மின்காந்தச் சுருள். அதற்குப் போகும் வோல்டேஜைக் கூட்டினால் பிடி இறுகும், குறைத்தால் தளரும். பல மெஷின்களில் இதை நடத்துபவரே செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். தூக்கும்போது ஒரு பலம், உச்சிக்குப் போனதும் அதைவிடக் குறைந்த பலம் என்று தனித்தனியாகவும் வைக்கலாம். மேலே வரைக்கும் ஒழுங்காக வந்த பொம்மை, பரிசு விழ வேண்டிய துளையை நோக்கி நகரும்போது நழுவி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆடியவர் கை தவறியதால்தான் அப்படி ஆனது என்று சொல்லிவிட முடியாது.

இத்தனை ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் முழுப் பிடி என்றும் வைக்கலாம். உதாரணத்துக்கு, பொம்மையின் அடக்கவிலை 200 ரூபாய், ஓர் ஆட்டம் 50 ரூபாய், வசூலில் கால் பங்கு பரிசுக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த 200 ரூபாய் தேற 800 ரூபாய் வசூல் சேர வேண்டும், அதாவது 16 ஆட்டத்துக்கு ஒரு பொம்மை.

இந்தக் கணக்கை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள்: “இவ்வளவு போட்டாச்சு, இனிமே விழுந்துடும்” என்று தொடர்ந்து போடுவது. எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்று வெளியே இருக்கும் நமக்குத் தெரியாது. முழுப் பிடி வருகிற நேரத்தில் கொக்கியைச் சரியான இடத்தில் இறக்காவிட்டால் அதுவும் வீண். விழுந்தாலும், அதே பொம்மையைக் கடையில் இதைவிடக் குறைவாக வாங்கியிருக்கலாம்.

‘நூலிழையில் போச்சே’ என்ற எண்ணம் இன்னும் ஆபத்தானது. சாவியை நகர்த்தித் துளைக்குள் செருகினால் பரிசு என்கிற ‘கீ மாஸ்டர்’ மெஷின் தொடர்பாக செகா நிறுவனத்தின் மீது 2021-இல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். திறமை விளையாட்டு போலத் தெரிந்தாலும், குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் தோற்கும்வரை அது ஜெயிக்க விடாது என்பது குற்றச்சாட்டு. சரியான இடத்தில் பட்டனை விட்டாலும் சாவி ஒரு மயிரிழை தள்ளிப் போய் நிற்கும் என்றார்கள். அப்படிப்பட்ட மெஷினில் பழகப் பழகக் கை வரும் என்று பிள்ளையிடம் சொல்வது அநியாயம்.

கடை ஊழியர் எடுத்துக் காட்டினாரே என்று நம்புவதும் வேண்டாம். 2017 டிசம்பரில் ஜப்பானின் ஒசாகாவில் க்ளா மெஷின் கடை நடத்தியவர்களைப் போலீஸ் கைது செய்தது. வாடிக்கையாளர் ஜெயிக்கவே முடியாதபடி வைத்துவிட்டு, ஊழியர் ரகசியமாக செட்டிங்கை மாற்றி ஜெயித்துக் காட்டி, மேலும் மேலும் பணம் போட வைத்தார்கள் என்பது புகார்.

சரி, இது சட்டப்படி சரியா? மாலில் வைத்திருக்கிறார்களே என்பது அதற்குப் பதில் ஆகாது. திறமைக்கே கணிசமான பங்கு இருக்கும் ஆட்டம் சூதாட்டம் ஆகாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1996-இல், கிண்டி குதிரைப் பந்தயம் தொடர்பான லட்சுமணன் வழக்கில் சொன்னது. அதே அளவுகோலை இங்கே வைத்தால், பிடி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் மெஷினையும், எண்ணிக்கை பார்த்துப் பிடியை மாற்றும் மெஷினையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது என் கருத்து. பிரிட்டன் இதைச் சுற்றிவளைக்காமல் 2005-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது: ஆட்டத்துக்கு 1 பவுண்டு, பரிசு 50 பவுண்டு, அதுதான் உச்சவரம்பு. சிங்கப்பூரில் 2022 முதல் பரிசின் மதிப்பு 100 சிங்கப்பூர் டாலரைத் தாண்டக் கூடாது, பணமாகவும் கொடுக்கக் கூடாது. தைவானில் இன்னும் நேர்மையான ஏற்பாடு: குறிப்பிட்ட தொகை வரை போட்டுவிட்டால் பொருள் நிச்சயம் உங்களுக்கு, அந்தத் தொகையை மெஷினிலேயே எழுதி வைக்க வேண்டும். நம் ஊர் மெஷின்களிலும் அப்படி எழுதி வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

விளையாடவே கூடாது என்று சொல்லவில்லை. கேம் சோனில் தரும் ரீசார்ஜ் கார்டில் தெரியும் பாயின்ட்டை ரூபாயாக மாற்றிப் பாருங்கள், பாயின்ட்டாகப் பார்க்கும்போது செலவு உறைப்பதில்லை. முதலில் வேறு யாராவது ஆடுவதைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். பொம்மைகளை நெருக்கி அடுக்கியிருந்தால் கொக்கியின் விரல் உள்ளே இறங்காது, அந்தப் பெட்டியை விட்டுவிடலாம். செல்போன், வாட்ச் என்று விலை கூடிய பொருளைக் காட்டும் மெஷினில் முழுப் பிடி இன்னும் அபூர்வமாகத்தான் வரும் என்று எதிர்பாருங்கள்.

மெஷின் பணத்தை விழுங்கிவிட்டாலோ, விழுந்த பரிசு சிக்கிக்கொண்டாலோ ஆட்டி உலுக்க வேண்டாம். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு மேனேஜரைக் கூப்பிடுங்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம்.