கீழடி அருங்காட்சியகத்தை முதன்முறையாகப் பார்ப்பது எப்படி?

கீழடிக்குப் போய்வந்த சிலர், "அங்கே வெறும் பானை ஓடுகள்தானே இருக்கின்றன" என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஓட்டைப் பார்க்கும் முறை தெரிந்துவிட்டால், அந்த ஓடுகளை விட்டு நகர மனம் வராது.

படி 1: புறப்படுமுன்
மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில், செட்டிநாட்டு வீடுகளின் சாயலில் கட்டப்பட்ட இந்த அருங்காட்சியகம் 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்டது. விடுமுறை நாளையும் பார்வை நேரத்தையும் முன்னரே விசாரித்துக்கொண்டு, மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

படி 2: ஆழத்தைக் கவனியுங்கள்
அகழாய்வில் பொருளைப் போலவே அது கிடந்த ஆழமும் சான்றாகும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிமத்தின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது. மண்ணடுக்குகள் கலையாமல் இருந்தால், அதற்கு மேலே கிடைப்பவை பிற்காலத்தவை என்று கொள்ளலாம்.

படி 3: ஓட்டின் நிறத்தைப் பாருங்கள்
கருப்பு-சிவப்புப் பானை ஓட்டின் உட்புறமும் வாய்ப்பகுதியும் கருப்பாகவும், வெளிப்புறம் சிவப்பாகவும் இருக்கும். சூளையில் பானையைக் கவிழ்த்துச் சுட்டதால், காற்றுப் படாத பகுதி கருத்தும் காற்றுப் பட்ட பகுதி சிவந்தும் போனது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

படி 4: கீறல்களைப் படியுங்கள்
இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கீறல்களில் குறியீடுகளும் உண்டு, தமிழி (தமிழ்-பிராமி) எனப்படும் பழந்தமிழ் எழுத்துகளும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய, தமிழி எழுத்து அட்டவணை ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழியின் 'க' கூட்டல் குறி போலவே இருப்பதால், அதிலிருந்து தொடங்குவது எளிது. ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் இங்கே கிடைத்த ஓடுகளில் படிக்கப்பட்டுள்ளன. எழுத்தின் பாங்கு ஓட்டுக்கு ஓடு வேறுபடுவதால், குயவர் மட்டுமல்லாமல் பானைக்கு உரியவர்களும் தத்தம் பெயரைத் தாமே கீறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எழுத்து எளிய மக்களின் கையிலும் இருந்தது என்பதற்கு, எனக்கு இதைவிட நெருக்கமான சான்று வேறில்லை.

படி 5: தொழிலும் விளையாட்டும்
நூல் நூற்ற தக்களி, எலும்பு முனைக் கருவி, தந்தச் சீப்பு, பகடைக்காய், வட்டச்சில்லு, சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லால் ஆன மணி ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல், ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள் புழங்கிய பொருள்களாகச் சேர்த்துப் பாருங்கள். தங்க அணிகளைக் கடைசியில் பார்த்தால் போதும்.

படி 6: கொந்தகைத் தாழிகள்
அருகிலுள்ள கொந்தகை, இறந்தோரை அடக்கம் செய்த இடம். அங்கே கிடைத்த முதுமக்கள் தாழிகளின் முன் சற்றே அமைதியாக நில்லுங்கள்.

படி 7: அகழாய்வுத் திடல்
குழிகளைப் பார்க்க அனுமதி உண்டா என்று அருங்காட்சியகத்திலேயே கேட்டுக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு செல்லுங்கள். குழியின் சுவரில் மண்ணின் நிறம் மாறும் இடங்களை மேலிருந்து கீழாக எண்ணிப் பார்த்தால், உள்ளே படித்த 353 செ.மீ. எவ்வளவு ஆழம் என்பது கண்ணெதிரே விளங்கும்.